ஏலமலையிலிருந்து வரவு செலவுத் திட்டத்தைப் பார்க்கும்போது

(கேரளத்தின் 2025-26 வரவு செலவுத் திட்டம் குறித்து, இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் தோழர்கள் பங்கேற்ற கட்சி வகுப்பில், 2025 பிப்ரவரியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கேரள நிதியமைச்சர் தோழர் கே.என்.பாலகோபால் பிப்ரவரி 7 அன்று சட்டமன்றத்தில் அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தார். வருவாய் வரவு ஏறத்தாழ 1,52,352 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு ஏறத்தாழ 1,79,476 கோடி ரூபாய். இடையே விழும் பள்ளம் 27,000 கோடிக்குச் சற்று மேல். லயத்தில் வாழும் ஒரு தொழிலாளிக்கு இந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. அவர் காதுக்கு எட்டியவை இரண்டே செய்திகள்: நிலவரி ஐம்பது சதவீதம் உயர்கிறது, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1,600 ரூபாயிலேயே நிற்கிறது. சாந்தன்பாறைக் கடைத்தெருவிலும் பூப்பாறைச் சந்திப்பிலும் தோழர்களை நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகள் இவற்றைப் பற்றியவைதான்.

இந்த மலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுத் திருவனந்தபுரம் செல்லும் ஒரு சட்டமன்ற உறுப்பினர், முன்வைக்கப்படும் வரியையும் செலவையும் சட்டத்தையும் எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே இந்த வகுப்பின் பொருள். சாந்தன்பாறை அடங்கிய உடும்பஞ்சோலைத் தொகுதியின் உறுப்பினர் தோழர் எம்.எம்.மணி. பக்கத்துத் தேவிகுளத்தின் உறுப்பினர் தோழர் ஏ.ராஜா; 2021இல் தமிழில் உறுதிமொழி ஏற்றவர். அவர்கள் அவையில் என்ன பேசினார்கள் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. யார் அந்த இருக்கையில் அமர்ந்தாலும் அவருக்கு முன்னால் இருக்கும் கணக்கு எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வதே நோக்கம். அந்தக் கணக்கு விளங்காமல் அவரைப் பாராட்டினாலும் பயனில்லை, திட்டினாலும் பயனில்லை.

முதலில் அந்த இருக்கையின் எல்லை. அரசியல் சாசனத்தின் 203ஆவது பிரிவின்படி, அரசு கேட்கும் மானியக் கோரிக்கையைச் சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. தன் தொகுதிச் சாலைக்கு இன்னும் ஐந்து கோடி சேர்த்து எழுதுங்கள் என்று ஒரு உறுப்பினர் வாக்கெடுப்பின் மூலம் வாங்கிவிட முடியாது. வெட்டுத் தீர்மானம் கொடுத்து விவாதத்தை எழுப்பலாம். கேரளச் சட்டமன்றத்தில் துறைவாரியாகப் பொருள் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கைகள் அவற்றின் பரிசீலனைக்குச் செல்கின்றன. பத்திரிகையாளர் மாடத்தின் கண் படாத அந்தக் குழு அறைகளில்தான் ஒரு உறுப்பினரால் உருப்படியாக ஏதாவது செய்ய முடிகிறது. அவையில் எழுப்பும் முழக்கம் மறுநாள் செய்தித்தாளோடு போய்விடுகிறது.

இரண்டாவது எல்லை புதியது, பெரியது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதுவரை எந்தப் பொருளுக்கு எவ்வளவு விற்பனை வரி என்பதைப் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றமே தீர்மானித்தது. இன்று இந்த மலையில் விளையும் ஏலக்காய்க்கு ஐந்து சதவீத வரி. அதை நான்காகக் குறைக்கவோ ஆறாகக் கூட்டவோ உடும்பஞ்சோலையின் உறுப்பினருக்கும் அதிகாரமில்லை, கேரளத்தின் நிதியமைச்சருக்கும் தனியாக அதிகாரமில்லை. வெளிநாட்டு ஏலக்காய் மீதான இறக்குமதி வரியைத் தீர்மானிப்பது தில்லி. ஏலத்தை ஒழுங்குபடுத்தும் நறுமணப் பொருள் வாரியம் தில்லியின் கையில். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டதையும், இரண்டே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே சரிந்ததையும் இங்கே அமர்ந்திருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சரிவில் கடன்பட்ட சிறு விவசாயிக்கு மாநிலச் சட்டமன்றம் செய்திருக்கக் கூடியது மிகக் குறைவு.

மாநிலத்துக்கென மிஞ்சியவை எவை? பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் விற்பனை வரி; முத்திரைத் தாள் கட்டணம்; வாகன வரி; மின்சாரத் தீர்வை; நிலவரி; கட்டட வரி; வேளாண் வருமான வரி. ஆகவே பணம் தேவைப்படும் ஒவ்வொரு ஆண்டும் எந்த மாநில நிதியமைச்சரின் கையும் இந்தச் சிறு பெட்டிக்குள்தான் போகிறது. 2023-24இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வந்தது. 750 கோடி எதிர்பார்க்கப்பட்டது. மதுப்புட்டிக்கு 20, 40 ரூபாய் என்று மற்றொரு செஸ். நிலத்தின் நியாய விலை இருபது சதவீதம் உயர்ந்தது. இந்த ஆண்டு நிலவரியின் முறை.

டீசல் செஸ்ஸில் இந்த எல்லைப்புறத்துக்கென்றே ஒரு வேடிக்கை உண்டு. தேவாரம், போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி வரும் ஜீப்புகள் கீழேயே டீசல் நிரப்பிக்கொண்டு வந்துவிடுகின்றன. கேரளத்தின் செஸ் அவற்றைத் தொடுவதில்லை. கேரளத்தின் விற்பனை வரியும் தொடுவதில்லை. முழுச் சுமையும், இந்தப் பக்கம் வாழ்ந்து இந்தப் பக்கமே வண்டி ஓட்டும் ஆட்டோ ஓட்டுநர் மீதும் ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு விறகு கொண்டுவரும் சிறு வண்டிக்காரர் மீதும் விழுகிறது. திருவனந்தபுரத்தில் அமர்ந்து கணக்குப் போடுபவருக்கு இது தெரிய வழியில்லை. சொல்ல வேண்டியவர் மலையின் உறுப்பினர்.

இரண்டு ரூபாய் செஸ்ஸுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் தில்லி எடுப்பதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இன்று டீசல் லிட்டருக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 15 ரூபாய் 80 காசு. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 80 காசு. மீதி 14 ரூபாயும் செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் வசூலாகிறது. அதில் மாநிலங்களுக்குச் சல்லிக் காசு இல்லை. பகிரப்படும் 1.80இலும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 சதவீதம், அதாவது சுமார் 74 காசு. அந்த 74 காசில் கேரளத்தின் பங்கு 1.925 சதவீதம். ஒன்றரைக் காசுக்கும் குறைவு.

அந்த 1.925 சதவீதத்தின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவது நிதிக் குழுவின் காலத்தில் கேரளத்தின் பங்கு 3.875 சதவீதம். பதினான்காவது நிதிக் குழு அதை 2.5 ஆக்கியது. பதினைந்தாவது 1.925க்கு இறக்கியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதும், பள்ளியும் மருத்துவமனையும் கட்டியதும் தண்டனைக்குரிய குற்றங்கள் ஆகிவிட்டன. தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இந்த வேதனை புதிதல்ல. ஜிஎஸ்டி இழப்பீடு 2022 ஜூனோடு நின்றது. கிஃப்பியும் ஓய்வூதிய நிறுவனமும் வாங்கிய கடனை மாநிலத்தின் கடனோடு சேர்த்துக் கணக்கிட்டு, கடன் வாங்கும் வரம்பையும் ஒன்றிய அரசு குறைத்தது. கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 ஏப்ரலில் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2024 பிப்ரவரி 8 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் தலைமையில் அமைச்சரவையே ஜந்தர் மந்தரில் அமர்ந்தது. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்து தேயிலைத் தோட்டப் பகுதியின் குடும்பங்கள் மண்ணுக்குள் போனபோது கேட்கப்பட்டது உதவி. இந்த மாதம் ஒன்றிய அரசு தந்திருப்பது 529.50 கோடி ரூபாய்க் கடன். வட்டியில்லை, ஆனால் கடன். அதையும் மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டுமாம்! பிப்ரவரியில் அறிவித்து, மார்ச்சுக்குள் ஒரு நகரியத்தை எழுப்பச் சொல்பவர்களுக்கு மலையில் ஒரு சுவர் கட்டிய பழக்கமும் இருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் இடதுசாரி உறுப்பினர் ஒருவர் இத்தோடு உரையை முடித்துக்கொள்ளக் கூடாது. தில்லி நெருக்குகிறது என்பது, மாநிலத்துக்குள் யாரிடம் வரி வாங்குவது என்ற கேள்விக்கு விடையாகாது. பெட்டி சிறியதுதான். அதற்குள்ளும் சிறு நிலத்துக்காரரும் இருக்கிறார், பெருந்தோட்டக் கம்பெனியும் இருக்கிறது.

நிலவரியை எடுத்துக்கொள்வோம். எல்லாப் படிநிலைகளிலும் ஐம்பது சதவீதம் உயர்வு. மிகக் குறைந்த விகிதம் ஆர் ஒன்றுக்கு 5 ரூபாயிலிருந்து 7.50 ஆகிறது, மிக உயர்ந்த மாநகராட்சி விகிதம் 30இலிருந்து 45 ஆகிறது. ஊராட்சிப் பகுதியில் 8.1 ஆருக்கு மேற்பட்ட நிலத்துக்கு 8 ரூபாய் இருந்தது, 12 ஆகிறது. ஒரு ஏக்கர் என்பது 40.47 ஆர். ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 324 ரூபாய் கட்டியவர் இனி 486 ரூபாய் கட்டுவார். 162 ரூபாய் கூடுதல். ஒரு கிலோ ஏலக்காயின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம் என்று யாராவது சொல்லலாம். தொகை அற்பமே. எதிர்க்கட்சியினர் எழுப்பும் கூச்சலும் தொகைக்குப் பொருந்தாதது. நிலவரியில் அரசு எதிர்பார்க்கும் கூடுதல் வருவாயே மாநிலம் முழுவதற்கும் 100 கோடிதான்.

அந்த 100 கோடி எவ்வளவு பெரியது? கேரளத்தில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோர் அறுபது லட்சத்துக்கும் மேல். மாதம் 1,600 வீதம் ஒரு மாதச் செலவு 900 கோடியைத் தாண்டுகிறது. ஆக, மாநிலம் முழுவதும் நிலவரியை உயர்த்தி ஓராண்டு சேர்க்கும் பணம் ஓய்வூதியத்துக்கு ஏறத்தாழ மூன்று நாளைக்குத்தான் வரும். இவ்வளவு குறைந்த பணத்துக்காக, பத்து சென்ட் வைத்திருப்பவர் வீட்டுக் கதவையும் தட்டி, உழைப்பவரின் நம்பிக்கையில் ஒரு துளி இழப்பது தேவையா? உறுப்பினர் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

வரி கூடாது என்பதல்ல வாதம். நிலவரி நியாயமான வரி. நிலத்தை ஒளித்துவைக்க முடியாது என்பதால் ஏய்க்கவும் கடினமான வரி. பிழை ஒரே சதவீதத்தில் இருக்கிறது. இதே ஆர் ஒன்றுக்கு 12 ரூபாய் கணக்கில் ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் கம்பெனிக்குக் கூடுவது ஏறத்தாழ 1.62 லட்சம் ரூபாய். ஏக்கருக்கு அதே 162 ரூபாய். ஒரு கம்பெனிக்கு அது மேலாளர் பங்களாவின் பராமரிப்புச் செலவு. சிறு விவசாயிக்கு வில்லேஜ் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது எண்ணிப் பார்க்கும் பணம். உடைமை பெருகப் பெருக விகிதமும் பெருக வேண்டும் என்பது வரி பற்றிய இடதுசாரிப் பாடத்தின் முதல் வரி. ஒரு ஏக்கர் வரை பழைய விகிதத்தை நிறுத்தி, ஐம்பது, நூறு ஏக்கருக்கு மேல் ஏறுமுகமாக விகிதத்தை அமைத்திருந்தால், அதே 100 கோடியின் பெரும்பகுதியைச் சிறுவர்களைத் தொடாமல் திரட்டும் வழியைத் தேடியிருக்கலாம்.

இந்த இடத்தில் தோட்டங்களின் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. இந்த மலையின் தொழிலாளருக்கும் கேரளத்தின் நிலச்சட்டத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1957இல் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைச்சரவை அமைந்தபோது பெரும்பான்மை மிகக் குறுகியது. தேவிகுளத்தில் தோழர் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி நீதிமன்றத்தால் ரத்தாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. ஆட்சியின் மானமே அந்த ஒரு தொகுதியில் தொங்கியது. பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் தோழர் ரோசம்மாவை முன்னைவிடக் கூடுதல் வாக்கில் மீண்டும் அனுப்பிவைத்தனர். இது இன்றும் பெருமையோடு சொல்லப்படும் கதை.

சொல்லப்படாத பாதி இது. எந்த ஆட்சியைத் தோட்டத் தொழிலாளர் காப்பாற்றினார்களோ, அந்த ஆட்சி கொண்டுவந்த நில உறவு மசோதாவில் பெருந்தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு இருந்தது. 1963இன் நிலச் சீர்திருத்தச் சட்டத்திலும், 81ஆவது பிரிவில், அந்த விலக்கு தொடர்ந்தது. தோட்டத்தைத் துண்டாடினால் உற்பத்தியும் வேலையும் அழியும் என்பது காரணம்; அன்றைய நிலையில் ஆதாரமற்ற காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. குத்தகை விவசாயிக்கு நிலம் கிடைத்தது. குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் கிடைத்தது. தேயிலைக் காட்டில் உழைத்தவருக்குக் கிடைத்தது லயம். வேலை முடிந்த அன்று அதுவும் இல்லை. 1971இல் தோழர் அச்சுத மேனன் தலைமையிலான அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோதும், பயிர் செய்யப்பட்ட தோட்டம் கம்பெனியிடமே இருந்தது.

ஆக, நிலத்தின் உச்சவரம்பிலிருந்து தப்பியவர்களிடம் வரியின் மூலமாவது ஈடு வாங்கியிருக்க வேண்டும். தோட்ட வரி 1960 முதல் இருந்தது. வேளாண் வருமான வரியும் இருந்தது. நீதிபதி கிருஷ்ணன் நாயர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2018இல் மாநில அரசு தோட்ட வரியை நீக்க முடிவு செய்தது. வேளாண் வருமான வரியை நிறுத்திவைத்தது. தோட்டத் தொழில் நெருக்கடியில் இருந்தது உண்மை. அந்த அறிவிப்பில் மறுபாதியும் இருந்தது: லயங்களின் நிலையைச் சரிசெய்வது, லைஃப் திட்டத்தின் வழியே தோட்டத் தொழிலாளருக்கு வீடு கட்டுவது. முதலாளிக்குத் தர வேண்டிய சலுகை உடனே போய்ச் சேர்ந்தது. தொழிலாளிக்குச் சேர வேண்டியது என்ன ஆயிற்று என்று 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி காட்டியது. எழுபது உயிர்கள், பெரும்பாலும் தமிழர்கள், வரிசை லயங்களோடு மண்ணில் புதைந்தனர். மலைச்சரிவு இயற்கையின் செயல். அந்தச் சரிவின் கீழே தலைமுறை தலைமுறையாக மனிதரை அடுக்கிவைத்தது இயற்கையல்ல.

சலுகை தரும்போது நிபந்தனையும் தர வேண்டும். நிபந்தனை நிறைவேறாவிட்டால் சலுகையைத் திரும்பப் பெற வேண்டும். எந்தச் சட்டமன்றத்துக்கும் இதற்கு அதிகாரம் உண்டு. தில்லி தடுக்க முடியாத அதிகாரம் இது. வேளாண் வருமான வரி இன்னும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. லயத்தைச் செப்பனிடாத தோட்டத்துக்கு அந்த வரிச் சலுகை தொடர வேண்டுமா என்ற கேள்வியை மலையின் உறுப்பினர் எழுப்பினால், அவையில் எந்தக் கட்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

செலவைப் பற்றிப் பேசும்போதும் இதே கண் வேண்டும். 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் லயங்களின் பழுதுபார்ப்புக்குப் பத்து கோடி ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீடு வந்த அன்று சுவரொட்டி ஒட்டப்பட்டது, ஒட்ட வேண்டியதுதான். ஆனால் 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை முதலாளி மீது வைத்திருக்கிறது. அந்தக் கடமைக்கான செலவை மக்களின் வரிப்பணம் ஏற்கும்போது இரண்டு கேள்விகள் வருகின்றன: பணம் உண்மையில் செலவானதா, எந்த எஸ்டேட்டில் எத்தனை கூரை மாறியது? முதலாளியின் பங்கு எங்கே? வரவு செலவுத் திட்டப் புத்தகத்தில் ஒரு வரி அச்சாவதும் லயத்தில் ஒரு தகரம் மாறுவதும் வேறு வேறு நிகழ்ச்சிகள். இடுக்கித் தொகுப்புத் திட்டத்தையும் இப்படியே கேட்க வேண்டும். 2021 பிப்ரவரியில் ஐந்தாண்டுக்கு 12,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. 2023-24இல் இடுக்கிக்கென்று தனியே எழுதப்பட்ட தொகுப்பு 75 கோடி. பல துறைகளின் செலவும் சேர்ந்ததே அந்தப் பெருந்தொகை என்ற விளக்கம் உண்டு. அது நியாயமான விளக்கமாகவும் இருக்கலாம். அப்படியானால் துறைவாரியாகப் பட்டியலிட்டு மக்கள் முன் வைப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்கக் கூடாது. விளக்கம் தராத பெரிய எண் எதிரியின் கையில் ஆயுதமாகிவிடும்.

யானையும் வரவு செலவுத் திட்டத்தின் பொருள்தான். பன்னியாறு எஸ்டேட்டின் ரேஷன் கடையை அரிக்கொம்பன் எத்தனை முறை உடைத்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்தில் அது கம்பம் நகரத் தெருவில் நின்றது. பிறகு தமிழ்நாடு பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. உலகமே ஒரு யானையைப் பற்றிப் பேசியது. அரிசி கிடைக்காமல் நடந்த எஸ்டேட் குடும்பங்களைப் பற்றி அந்த அளவு பேசவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சி, சின்னக்கானலில் யானை நடமாடும் இடத்தில் 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தது. கொடுத்ததாகக் கணக்கு எழுதியாயிற்று. பெரும்பாலோர் அங்கே வாழ முடியாமல் வெளியேறினர். செலவுக் கணக்கில் வெற்றி, வாழ்க்கையில் தோல்வி.

இனி, மூன்றாவது பொருள்: நிலத்தின் மீதான ஒழுங்குமுறை. பணத்தைவிட இதுவே இன்று இந்த மலையைச் சூடாக வைத்திருக்கிறது.

1964இன் நிலப் பட்டய விதிகளின்படி நிலம் தரப்பட்டது விவசாயத்துக்கும் வீட்டுக்கும். அறுபது ஆண்டில் அந்த நிலத்தில் கடை வந்தது, மருத்துவமனை வந்தது, பள்ளி வந்தது, விடுதியும் வந்தது. வாழும் ஊர் என்றால் வரத்தான் செய்யும். 2019 ஆகஸ்ட் 22 அன்று வந்த அரசாணை கட்டடங்களுக்கு வரம்பு விதித்தது. நீதிமன்றங்களின் உத்தரவுகள் அதைத் தொடர்ந்து வந்தன. 2023 செப்டம்பர் 14 அன்று சட்டமன்றம் நிலப் பட்டயத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆரிப் முகமது கான் அதன் மேல் அமர்ந்துகொண்டார். 2024 ஜனவரி 9 அன்று அவர் தொடுபுழாவுக்கு வந்தபோது இடது ஜனநாயக முன்னணியின் அழைப்பில் மாவட்டமே கடையடைத்தது. ஏப்ரல் இறுதியில் ஒப்புதல் வந்தது. சட்டத்தின் கீழ் வர வேண்டிய விதிகள் இன்னும் வரவில்லை.

இதற்கிடையே 2024 அக்டோபர் 24 அன்று, ஏலமலைக் காட்டு நிலம் பற்றிய வழக்கில், புதிய பட்டயம் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஏலமலையின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது நெடுங்காலமாக நீளும் வழக்கு. தலையில் ஒரு ‘2’ சேர்கிறதா விடுபடுகிறதா என்பதில் இத்தனை குடும்பங்களின் கூரை தொங்குகிறது. பட்டயத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் ஏழைக்கு இந்த உத்தரவு பேரிடி. பட்டயமே இல்லாமல் வாழும் எஸ்டேட் தொழிலாளிக்கு அது தூரத்து இடி.

வரவிருக்கும் விதிகளில்தான் உறுப்பினருடைய உண்மையான வேலை இருக்கிறது. கட்டணம் வாங்கி ஒழுங்குபடுத்துவது என்றால், யாருக்கு எவ்வளவு? மழைக்கு ஒழுகாத வீட்டைக் கட்டிக்கொண்ட விவசாயியும், சந்திப்பில் இரண்டு அறை கட்டி மளிகைக் கடை வைத்தவரும், மலைமுகட்டை வெட்டி ஐந்து நட்சத்திர விடுதி எழுப்பியவரும் ஒரே வரிசையில் நின்றால் அந்த வரிசையில் முதலில் உள்ளே போகிறவர் யார் என்பது தெரிந்ததே. 2022 அக்டோபரில் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கண்டதும் விடுதிக்கு இடம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சிறியவர் வீட்டுக்குக் கட்டணமே கூடாது. பெரியவருக்குக் கட்டணம் உறுத்த வேண்டும். சரிவில் பாறை உடைத்த கட்டடத்துக்கு எவ்வளவு கட்டணம் தந்தாலும் மன்னிப்பு கூடாது. இந்த மூன்றையும் ஒரே விதிக்குள் குழைத்துவிட்டால், சிறியவரின் கண்ணீரைக் காட்டிப் பெரியவர் தப்பிவிடுவார். மலை அரசியலில் இது பலமுறை நடந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் எதிரிகள் உடனே சுட்டிக்காட்டுவது ஒன்று. சாந்தன்பாறையில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகக் கட்டடத்தின் பணியை நிறுத்த 2023 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தோழர்கள் இதற்குக் கோபத்தால் பதில் சொல்லக் கூடாது. கடைக்கும் ஆலயத்துக்கும் கட்சி அலுவலகத்துக்கும் விதி ஒன்றே என்று சொல்ல வேண்டும். அப்படியே நடக்கவும் வேண்டும். சொந்தக் கட்டடத்துக்காகச் சட்டம் திருத்தினார்கள் என்ற பழியைத் துடைக்க, ஏழையின் வீட்டுக்கு முதல் சலுகையும் பெரிய கட்டடத்துக்குக் கடைசி இடமும் தரும் விதிகளைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

ஒழுங்குமுறை என்ற சொல்லைக் கேட்டாலே மலையில் வெறுப்பு எழுகிறது. காட்டுத்துறையின் தடுப்பு, வருவாய்த்துறையின் நோட்டீஸ் என்ற அனுபவத்திலிருந்து வரும் வெறுப்பு அது. அதைப் பயன்படுத்தி எல்லா ஒழுங்குமுறையும் வேண்டாம் என்று கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளிக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஒழுங்குமுறையே. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அந்த 1951 சட்டத்தை விழுங்கிவிடும் வகையில் எழுதப்பட்டிருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்து, தேயிலைக்கு 301 ரூபாயும் ஏலத்துக்கு 330 ரூபாயும் நாள் கூலியாக எழுதவைத்தார்களே, அந்த ஒப்பந்தமும் ஒழுங்குமுறையே. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இன்று ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கூலி முழுதாகக் கிடைக்கிறதா என்று பார்க்க எத்தனை தொழிலாளர் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்பதும் வரவு செலவுத் திட்டக் கேள்விதான். ஆய்வாளர் இல்லாத சட்டம் காகிதம்.

மானியக் கோரிக்கைகள் மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வருகின்றன. புதிய நிலவரி ஏப்ரல் 1 முதல் வசூலாகும். கிளைகள் செய்ய வேண்டிய வேலை அதற்கு முன் இருக்கிறது. ஒவ்வொரு எஸ்டேட்டிலும் எத்தனை லயங்கள், எத்தனை அறைகள், எத்தனை கூரைகள் ஒழுகுகின்றன, 2022க்குப் பின் எவை பழுதுபார்க்கப்பட்டன, ஓய்வு பெற்ற பின்னும் போக இடமின்றி அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதி எடுக்க வேண்டும். ஒரு ஏக்கருக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையை வில்லேஜ் ஆபீஸிலிருந்து வாங்க வேண்டும். இரண்டையும் மார்ச் முதல் வாரத்துக்குள் பகுதிக் குழுவிடம் சேர்த்தால், பொருள் குழுவின் கூட்டத்துக்கு முன் அவை உறுப்பினரின் கையில் இருக்கும்.